வக்கீல் ஊரில் இல்லாத நாட்கள்

2019 பிப்ரவரி 1, காலை 10.30 மணி. சென்னையில் போதைப்பொருள் வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்தில் ஒரு ஜாமீன் மனு தாக்கலாகிறது. சிறையில் இருந்தவருக்கு முந்தைய நாளோடு 180 நாள் முடிந்திருந்தது. அந்தக் கெடுவுக்குள் அவர்மீது புகார், அதாவது இந்த வழக்குகளில் குற்றப்பத்திரிகையின் இடத்தில் இருப்பது, தாக்கலாகவில்லை. எனவே ஜாமீனில் வெளியே வரும் உரிமை அவருக்குத் தானாகவே பிறந்துவிட்டது என்பதுதான் மனு. அதே நாள் மாலை 4.25 மணிக்கு வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் அவரையும் சேர்த்துக் கூடுதல் புகாரைத் தாக்கல் செய்தது. விசாரணை நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது, உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. மனு முதலில் வந்ததா, புகார் முதலில் வந்ததா என்பதுதான் கேள்வி. மனுதான் முதலில் வந்தது என்று முடிந்தது.

இந்த ஆறு மணி நேர இடைவெளியில் ஒருவரின் விடுதலை தொங்கிக்கொண்டிருந்தது. ஏனென்றால் இந்த உரிமைக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. கெடு முடிந்ததும் பிறக்கும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு முன்பே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் போயே போய்விடும். சாதாரண வழக்குகளில் குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாள் என்பது கணக்கு. 61ஆவது நாள் காலையில் அப்படி ஒருவரின் வக்கீல் குடும்பத்தோடு ஏற்காட்டில் இருந்தால்?

வக்கீல்கள் விடுமுறையில் வேலையை மறந்து இருக்க முடிகிறதா என்ற பேச்சு வந்தாலே, போனை அணைத்து வையுங்கள், மெயிலைப் பார்க்காதீர்கள், மனதைப் பழக்குங்கள் என்று அறிவுரை வந்து விழுகிறது. பாதி வக்கீல்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். சிக்கல் போனில் இல்லை. சட்டம் ஓட்டிக்கொண்டிருக்கும் கடிகாரத்தை அந்த நேரத்தில் வேறு யார் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெரும்பாலான வக்கீல் ஆபீஸ்களில் அதற்குப் பதில், யாருமில்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். கோர்ட்டுக்குத்தான் மே மாதம் முழுக்க லீவாயிற்றே, தசரா, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று தனித்தனியாக வேறு விடுகிறார்களே, இதற்கு மேல் என்ன ஓய்வு வேண்டும் என்று கேட்பார்கள். கோர்ட் விடுமுறைகள் நீளம் என்ற விமர்சனம் பழையது. அதன் அழுத்தத்தில்தான் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தன் விதிகளைத் திருத்தி, ‘கோடை விடுமுறை’ என்ற பெயரையே எடுத்துவிட்டு ‘பகுதி வேலை நாட்கள்’ என்று ஆக்கியது. அந்த நாட்களும் மற்ற விடுமுறைகளும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகள் போக, ஆண்டுக்கு 95 நாளைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் வைத்தது.

ஆனால் கோர்ட் மூடியிருப்பதும் வக்கீலுக்கு ஓய்வு கிடைப்பதும் ஒன்றல்ல. மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றமும் மாவட்டங்களின் சிவில் கோர்ட்டுகளும்தான் அடங்கிக் கிடக்கும். மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் நடந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும் என்பதற்கு மே, ஜூன் கிடையாது. உயர் நீதிமன்றத்திலும் விடுமுறைக் கால அமர்வு இருக்கிறது. அவசரம் என்று காட்டக்கூடியதெல்லாம் அங்கே போகும். ஆக்கிரமிப்பு என்று சொல்லி வீட்டை இடிக்க வருபவர்களும், காலிமனையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பிவேலி போடுபவர்களும் விடுமுறை தொடங்கும் நாளாகப் பார்த்துத்தான் வருவார்கள். எதிராளி உடனே தடை வாங்க முடியாது என்ற கணக்கு. கிரிமினல் வக்கீல்களைக் கேட்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலக் கைதுகளைப் பற்றி இதையேதான் சொல்வார்கள்.

சரி, சிவில் வக்கீலாவது நிம்மதியாக இருக்கலாமா? அவருக்குக் கைகொடுப்பது 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், 4ஆவது பிரிவு. மேல்முறையீட்டுக்கான கடைசி நாள் கோர்ட் மூடியிருக்கும்போது வந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்துகொள்ளலாம். ஜூன் முதல் வாரத்தில் ஃபைலிங் கவுன்ட்டரில் குமாஸ்தாக்கள் கட்டுக்கட்டாகத் தாள்களோடு முண்டியடிப்பது இதனால்தான். இந்தப் பிரிவை நம்பித்தான் பலர் மே மாதத்தில் டிக்கெட்டே போடுகிறார்கள்.

அந்த நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு நடுவர் தீர்ப்பு (கோர்ட்டுக்கு வெளியே, இரு தரப்புக்கும் பொதுவான நடுவர் சொல்லும் முடிவு) வழக்கில் காட்டியது. நடுவர் தீர்ப்பை எதிர்த்து மனுப் போட மூன்று மாதம் அவகாசம். தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. அந்த வழக்கில் மூன்று மாதம் கோர்ட் வேலை நடந்த சமயத்திலேயே முடிந்துவிட்டது. கூடுதல் 30 நாள் மட்டும் டெல்லி உயர் நீதிமன்றத்தின் கோடை விடுமுறைக்குள் முடிந்தது. கோர்ட் திறந்த அன்றே மனுவைப் போட்டார்கள். செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 4ஆவது பிரிவின் சலுகை அந்த மூன்று மாதத்துக்குத்தான், கருணையாகக் கிடைக்கும் 30 நாளுக்கு அல்ல. நீதிபதிகளுக்கே இது உவப்பாக இல்லை. காலவரம்பை இவ்வளவு கறாராகப் பொருத்துவது நியாயமா என்று நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்ற தொனி அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. இருந்தும் கட்சிக்காரரின் மனு போனது போனதுதான்.

செக் வழக்கில் இன்னும் மோசம். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். அது கோர்ட்டில் தாக்கலாகும் தாள் அல்ல, தபாலில் போவது. கோர்ட்டுக்கு லீவு என்றால் தபால் ஆபீஸுக்கும் லீவா? காசோலைக்கு ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி வங்கியில் போட்டுப் புதிதாகத் தொடங்கலாம். ஆயுளும் முடிந்திருந்தால் அந்தக் கிரிமினல் வழி அடைபட்டது.

இதையெல்லாம்விடக் கடுமையான உதாரணம் 2020இல் கிடைத்தது. கொரோனா ஊரடங்கில் நாடே முடங்கியபோது உச்ச நீதிமன்றம் எல்லாக் காலக்கெடுக்களையும் நீட்டித்து உத்தரவு போட்டது. அப்படியானால் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் கெடுவும் நீண்டுவிட்டது என்று மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. இல்லவே இல்லை, ஒருவரின் சுதந்திரத்தைத் தொடும் கெடு நீளாது என்று அந்த ஜூன் மாதத்திலேயே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கட்சிக்காரரின் பக்கம் நின்று பார்த்தால் அருமையான தீர்ப்பு. வக்கீலின் பக்கம் நின்று பார்த்தால், பெருந்தொற்றே நிறுத்த முடியாத கடிகாரம் கொடைக்கானல் பயணத்துக்கா நிற்கப் போகிறது.

ஆக, யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த யாராவது, கட்சிக்காரர் நியமித்த அதே ஆளாகத்தான் இருக்க வேண்டுமா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் இதில் பலர் கவனிக்காத விஷயம். வக்கீல் மாற்றிக்கொள்ளத் தக்கவர் என்றுதான் சிவில் நடைமுறைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வாய்தா பற்றிய 17ஆவது உத்தரவைப் படித்துப் பாருங்கள். வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது வாய்தாவுக்குக் காரணமே அல்ல. அவருக்கு உடம்பு சரியில்லை, வேறு ஏதோ காரணத்தால் வர முடியவில்லை என்றாலும், கட்சிக்காரர் உரிய நேரத்தில் இன்னொரு வக்கீலை வைத்திருக்க முடியாது என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் வாய்தா. நடைமுறையில் இவ்வளவு கறார் எந்தக் கோர்ட்டிலும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுதியிருப்பது இதுதான்.

அதே சட்டத்தின் 3ஆவது உத்தரவு இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. வக்காலத்து போட்ட வக்கீல், வாதாடுவதற்கு மட்டும் இன்னொரு வக்கீலை அமர்த்திக்கொள்ளலாம். அப்படி வருபவர் தனியாக வக்காலத்தோ ஆஜர் மெமோவோ போட வேண்டியதில்லை. மனுத் தாக்கல், சமரசம், பணம் பெறுவது போன்ற காரியங்களுக்குத்தான் எழுத்தில் அதிகாரம் வேண்டும். அதற்கும் வழி எளிது, தொடக்கத்திலேயே வக்காலத்தில் இரண்டு மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் போயிற்று. பெரும்பாலான வக்காலத்துகளில் ஜூனியர்களின் பெயர்கள் இருக்கத்தான் செய்கின்றன. பெயர் இருக்கிறது, வழக்கு தெரியாது.

இங்கேதான் முடிச்சு. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். வழக்கைக் கூப்பிட்டபோது ஒரு ஜூனியர் எழுந்து நின்று, முக்கிய வக்கீல் வர முடியவில்லை, வாய்தா வேண்டும் என்றார். தலைமை நீதிபதி சந்திரசூட், நீங்களே வாதாடுங்கள் என்றார். தன்னிடம் வழக்கு விவரம் எதுவும் இல்லை, சொல்லி அனுப்பவும் இல்லை என்றார் ஜூனியர். வக்காலத்து போட்ட வக்கீலைக் காணொளியில் வரவழைத்து, வழக்குத் தெரியாமல் ஓர் இளைஞரை அனுப்பியதற்காக 2,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். தொகை சிறியது. ஆனால் தவறு ஜூனியருடையதல்ல, வழக்குக் கட்டைக் கொடுக்காமல் அனுப்பியவருடையது என்று வெளிப்படையாகப் பதிந்தது பெரிய விஷயம்.

கட்டைக் கொடுத்துவிட்டுப் போவது என்றால் என்ன? அலமாரிச் சாவியைக் கொடுப்பதல்ல. ஒவ்வொரு கட்டின் மேலட்டையிலும் அடுத்த தேதி, அன்று என்ன கட்டம், எதிராளி என்ன கேட்கக்கூடும், எதற்கு ஒப்புக்கொள்ளலாம், எதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது என்று நாலு வரி எழுதி வைப்பது. இல்லாத வாரத்தில் எந்தக் கெடு முடிகிறது என்று டைரியைப் புரட்டி, முடிவதை முன்பே தாக்கல் செய்வது. எதிராளி விடுமுறை அமர்வில் தடை வாங்கக்கூடும் என்று தோன்றும் வழக்கில் முன்கூட்டியே கேவியட் போடுவது. அது 90 நாள் உயிரோடு இருக்கும், அதற்குள் நம்மைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு வாங்குவது கடினம். உள்ளே இருப்பவர்களின் வழக்குகளில் 61, 91ஆவது நாட்களைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஜாமீன் மனுவையே தயாராக வைத்துவிட்டுப் போவது. அந்த மனு ஒரு பக்கமோ இரண்டு பக்கமோதான், எழுத அரை மணி ஆகாது. இவை நடந்திருந்தால் போனை அணைக்கச் சொல்ல யாரும் தேவையில்லை, தானாக அணையும். நடக்காவிட்டால் கடற்கரையில் உட்கார்ந்தும் வக்கீல் காஸ் லிஸ்ட், அதாவது கோர்ட்டின் அன்றாட வழக்குப் பட்டியல், பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

ஏன் நடப்பதில்லை என்பதற்குக் காரணம் காசில் இருக்கிறது. தாலுகா, மாவட்ட அளவில் ஆபீஸ் என்பது பெரும்பாலும் ஒரு வக்கீல், ஒரு குமாஸ்தா, வந்து வந்து போகும் ஒரு ஜூனியர். வழக்கைத் தாங்கும் அளவுக்கு ஜூனியர் தேறுவதற்கு மூன்று நான்கு வருடம் ஆகும். அதுவரை அவர் எதை வைத்துச் சாப்பிடுவார்? 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தொட்டது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் ஜூனியர்களுக்குக் கொடுக்கப்படுவதைத் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் உறுதி செய்ய வேண்டும் என்றது. அதை ஜூனியர்களின் வயிற்றுப்பாட்டு விஷயமாக மட்டுமே எல்லோரும் பேசினார்கள். சீனியரின் விடுமுறையும் அதில்தான் இருக்கிறது. பஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வரும் பையனை நம்பி யாரும் பத்து நாள் ஊரை விட்டுப் போக மாட்டார்கள். அவனும் அடுத்த வருடம் இருக்க மாட்டான்.

கட்சிக்காரரின் பங்கும் உண்டு. அவர் ஆபீஸை நியமிக்கவில்லை, ஆளை நியமித்திருக்கிறார். ஃபீஸ் கொடுப்பது அந்த முகத்துக்கு. “சார் நீங்க இல்லாம வேற யாரோ நின்னாங்களாமே” என்ற ஒரு கேள்வி போதும், அடுத்த வழக்கு பக்கத்து ஆபீஸுக்குப் போய்விடும். அதனால் வக்கீலும் தன் இடத்தில் வேறு ஒருவர் நிற்க முடியும் என்பதைக் காட்டிக்கொள்வதே இல்லை. “ஒரே நிமிஷம் சார்” என்று ராத்திரி பத்தரைக்கு வரும் வாட்ஸப் குரல்பதிவுக்குப் பதில் சொல்வது தொழில் தர்மம் என்று நினைக்கிறோம். பாதி தர்மம், பாதி பயம்.

கட்சிக்காரரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. வக்கீல் வராமல் வழக்கு தள்ளுபடியானால் அடி விழுவது அவருக்குத்தானே. 1981இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், வக்கீலை நியமித்து ஃபீஸ் கொடுத்துவிட்டு நம்பி ஊரில் இருக்கும் அப்பாவி மனிதர், வக்கீல் வராததற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்று சொல்லி, தள்ளுபடியான மேல்முறையீட்டைத் திரும்ப உயிர்ப்பித்தது. செலவுத் தொகை 200 ரூபாயை வராத வக்கீலிடமே வசூலிக்கச் சொன்னது. இன்றும் தள்ளுபடி வழக்குகளைத் திரும்ப எடுக்கச் சொல்லும் மனுக்களில் இந்தத் தீர்ப்பைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தாது, விவரம் தெரிந்த கட்சிக்காரர் வக்கீல்மீது பழியைப் போட்டுத் தப்ப முடியாது என்று 1993இல் அதே நீதிமன்றம் கடிவாளமும் போட்டது.

காணொளி விசாரணை வந்தபோது வக்கீல்களுக்கு விடிவு என்று நினைத்தவர்கள் உண்டு. ஊட்டியிலிருந்தே ஆஜராகலாம், ஒரு நாள் வேலைக்காகப் பயணத்தையே ரத்து செய்ய வேண்டியதில்லை. உண்மைதான். ஆனால் ஊரில் இல்லை என்ற பதில் ஒரு காலத்தில் முழுமையான பதிலாக இருந்தது. இப்போது அதற்கு “லிங்க் அனுப்பவா சார்?” என்ற எதிர்க்கேள்வி வருகிறது. எங்கிருந்தும் ஆஜராகலாம் என்பது எங்கிருந்தாலும் ஆஜராக வேண்டும் என்று மாற ஐந்து வருடம்கூட ஆகவில்லை. 2020 ஏப்ரலில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் ஒரு வக்கீல் பனியனோடு திரையில் தோன்றியதால் ஜாமீன் விசாரணை தள்ளிப்போனது. அன்று சிரித்தோம். வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் போனதன் முதல் அடையாளம் அது. இ-ஃபைலிங் வந்த பிறகு கவுன்ட்டர் மூடும் நேரமும் போய்விட்டது. நள்ளிரவு வரை கெடு இருக்கிறது என்றால் நள்ளிரவு வரை வேலை இருக்கிறது.

வெளிநாடுகளில் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை என்று சட்டமே இருக்கிறதே என்பார்கள். பிரான்ஸில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல் இருக்கிறது. இந்தியாவில் எம்.பி. சுப்ரியா சுலே அதே பெயரில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அப்படியே வந்தாலும் நம் வக்கீல்களுக்கு அதில் பங்கில்லை. அவை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் போடும் கோடு. சொந்தமாகப் பிராக்டிஸ் செய்பவருக்கு முதலாளி யார்? மகப்பேறுக்குச் சட்டம் தரும் 26 வாரச் சம்பள விடுப்பும் இதே காரணத்தால் பெண் வக்கீல்களுக்குக் கிடையாது. பிள்ளை பெற்ற மூன்றாம் வாரம் கோர்ட்டுக்கு வந்து நின்றவர்களை எந்த வக்கீல் சங்கத்திலும் பார்க்கலாம். இந்தக் கட்டுரையில் விடுமுறை என்று நான் சொல்வதை மலையும் கடலும் என்று மட்டும் படிக்க வேண்டாம்.

தொழிலாளர் சட்டத்தில் தேடுவதைவிட நீதிமன்ற விதிகளில் தேடுவதே சரி. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் அப்படித்தான் செய்தது. அங்குள்ள விசாரணை நீதிமன்றங்களின் பொது விதிகளில் 26ஆவது விதி, வக்கீல் ஆண்டுக்கு மூன்று வாரம் வரை ‘பாதுகாக்கப்பட்ட விடுப்பு’ எடுக்க இடம் தருகிறது. 90 நாள் முன்னதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தேதியில் ஏற்கெனவே விசாரணை எதுவும் குறிக்கப்பட்டிருக்கக் கூடாது. அதன் பிறகு அந்த வாரங்களில் அவரை எந்த வழக்குக்கும் வரச் சொல்ல மாட்டார்கள். குழந்தை பிறப்புக்கும் தத்தெடுப்புக்கும் தனியாகப் பன்னிரண்டு வாரம் வரை உண்டு.

விதி இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியா உதாரணம். அங்கே வக்கீல்கள் ‘நான் இருக்க மாட்டேன்’ என்று தாங்களாகவே நோட்டீஸ் அனுப்பும் வழக்கம் வளர்ந்தது. அந்த நாட்களிலேயே வேண்டுமென்று சாட்சி விசாரணை வைத்த எதிர்தரப்பு வக்கீலுக்கு 1992இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அபராதத்தை உறுதி செய்தது. அதை நம்பி எல்லோரும் நோட்டீஸ் அனுப்பத் தொடங்க, கோர்ட்டின் நாட்காட்டியை வக்கீல்கள் தாங்களாக நிர்ணயிக்க முடியாது என்று 2007இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. அமெரிக்க வக்கீல்கள் கிட்டத்தட்ட 13,000 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்தில் ஒருவருக்குக் குடிப் பிரச்சினையும் 28 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் இருப்பதாகக் காட்டியது. அதைப் பார்க்கையில் அந்த நாட்டுக்காரர்களுக்கு இந்த விதி இன்னும் பரவலாகத் தேவைப்படுகிறது என்று தோன்றுகிறது. நமக்கு அப்படி ஒரு கணக்கெடுப்பே தேவைப்படும், அது வேறு கதை.

நம் ஊரில் இதைக் கொண்டுவர நாடாளுமன்றம் வேண்டியதில்லை. கீழ் நீதிமன்றங்களின் நடைமுறை விதிகளை வகுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்திடமே இருக்கிறது. ஜாமீன், தடை போன்ற அவசர விஷயங்களை விலக்கிவிட்டு, மற்ற வழக்குகளில் ஆண்டுக்கு இரண்டு வாரம் என்று தொடங்கினால்கூடப் போதும். எதிர்ப்பு வரும். ஏற்கெனவே வாய்தா வாங்கியே வழக்கை இழுப்பவர்களுக்கு இன்னொரு ஆயுதமா என்று கேட்பார்கள். நியாயமான சந்தேகம்தான், ஆனால் முன்கூட்டித் தேதி சொல்லும் விடுப்பால் யாரும் ஏமாறுவதில்லை. காலையில் வந்து சொல்லும் வாய்தாதான் சாட்சியை நாங்குநேரியிலிருந்து பஸ் ஏறி வரவைத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறது.

இப்போது நடப்பது என்ன? வக்கீல் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்குப் போனாலும், திருச்செந்தூருக்குப் போனாலும், மாமனார் வீட்டுக்குப் போனாலும் வாய்தா மெமோவில் இருப்பது ‘உடல்நலக் குறைவு’ அல்லது ‘சொந்த அசௌகரியம்’ என்ற இரண்டில் ஒன்று. நீதிபதிக்கும் தெரியும், எதிர்தரப்பு வக்கீலுக்கும் தெரியும், அடுத்த மாதம் அவருக்கும் இதே மெமோ தேவைப்படும் என்பதால் ஆட்சேபிக்க மாட்டார். வட கரோலினாவின் படிவத்தில் எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்ற கேள்வியே கிடையாது. வழக்கைத் தாமதப்படுத்துவதற்காக இந்த விடுப்பு எடுக்கவில்லை என்று ஒரு வரி உறுதி கேட்கிறார்கள், அவ்வளவுதான்.